இரண்டும் தெரிந்த ஆசிரியர் வேண்டும்!

வகுப்பில் 30 பிள்ளைகள். கடைசி வரிசையில் ஒரு சிறுவன். கரும்பலகையில் எழுதியதை அவன் தப்பும் தவறுமாக எழுதுகிறான். "சோம்பேறி!" என்று திட்டுகிறார் ஆசிரியர்.

அவன் சோம்பேறி அல்ல. அவனுக்குப் பார்வை மங்கல். ஆசிரியரும் கெட்டவர் அல்ல. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு 2 ஆண்டுப் பயிற்சி உண்டு. குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் சிறப்பு ஆசிரியருக்கு வேறொரு 2 ஆண்டுப் பயிற்சி. இரண்டும் கற்க 4 ஆண்டு ஆகும். ஏழை வீட்டுப் பெண்ணால் முடியுமா?

பயிற்சிதான் இரண்டு. பிள்ளைகளுக்கு வகுப்பு ஒன்றே! 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்தது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டும் என்றது.

சிறப்பு ஆசிரியர் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர் வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசே கூறியது. ஆனால், பல ஊர்களில் அவர் ஒரே ஆளாகப் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார். அவர் வராத நாளில் அந்தப் பிள்ளையின் கதி?

ஆகவே, இரண்டையும் இணைத்து ஒரே பயிற்சியாகத் தர வேண்டும். ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது. காது கேளாத பிள்ளையிடம் முகம் காட்டிப் பேசவும், பார்வை மங்கிய பிள்ளைக்குப் பெரிதாக எழுதிக் காட்டவும் வகுப்பறையிலேயே பழக்க வேண்டும்.

செலவு ஆகத்தான் செய்யும். ஆகட்டும்! "மக்கு" என்று பெயர் வாங்கிப் பள்ளியை விட்டு நின்றுவிடும் பிள்ளையின் வாழ்வை எந்தப் பணத்தால் ஈடு செய்வது?