முறைப்பாடு இல்லையேல் குற்றமும் இல்லையா?

நோயாளருக்குப் பணிபுரிய அமைந்த தொண்டு நிறுவனங்களைக் குறைகூறுதல் தகாது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. தொண்டு செய்வோர் நல்லோர். நல்லோரை ஐயுறுதல் பாவம். எனவே வினா எழுப்பாது நன்றி கூறுக என்பதே அவ்வெண்ணத்தின் சாரம். தொண்டின் பெயரால் தீங்கிழைப்போருக்குக் கிடைத்துள்ள முதலாவது அரண் இதுவேயென்பது இக்கட்டுரையின் துணிபு.

கொங்கோ சனநாயகக் குடியரசின் கிழக்கே, வட கிவு, இத்தூரி ஆகிய மாகாணங்களில் 2018 ஓகஸ்ட் முதல் 2020 யூன் வரை எபோலா நோய் தாண்டவமாடியது. 2,200 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். நோயைத் தடுக்கவென உலகச் சுகாதார நிறுவனமும் பல தொண்டு நிறுவனங்களும் அங்கு சென்றன. வறுமைமிக்க அப்பிரதேசத்தில் சமையல், துப்புரவு முதலான வேலைகளை வழங்கும் அதிகாரம் அவற்றின் உத்தியோகத்தர் கைக்கு வந்தது. அவர்களுட் சிலர், வேலை தேடிவந்த பெண்களிடம் உடலையே விலையாகக் கேட்டனர். 2020 இற் பத்திரிகையாளர் இதனை வெளிக்கொணர்ந்தனர். 2021 செப்டெம்பரில் வெளியான சுயாதீன ஆணைக்குழுவின் அறிக்கை குற்றஞ்சாட்டப்பட்ட 83 பேரைக் குறிப்பிட்டது. அவர்களுள் 21 பேர் உலகச் சுகாதார நிறுவனத்தாற் பணிக்கமர்த்தப்பட்டோர்.

விதி இல்லாமையாலா இது நிகழ்ந்தது? அன்று. மேற்காபிரிக்க அகதிகளிடையே உதவிப் பொருள்களுக்கு ஈடாகச் சிறுமியர் சீரழிக்கப்பட்டமை 2002 இல் அம்பலமாகியது. அதனைத் தொடர்ந்து 2003 இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் விடுத்த சுற்றறிக்கை, பணமோ வேலையோ பொருளோ கொடுத்துப் பாலுறவு கொள்வதைத் தெளிவாகத் தடைசெய்தது. உலகச் சுகாதார நிறுவனமும் தனக்கெனக் கொள்கையொன்றை வகுத்திருந்தது. ஆயினும், அப்பெண் நிறுவனத்தின் உதவியைப் பெற்ற 'பயனாளி' அல்லள் என்ற காரணங்காட்டி ஒரு முறைப்பாடு விசாரிக்கப்படாது விடப்பட்டது. வாய்மொழியாகக் கூறப்பட்டவை, எழுத்தில் இல்லையென்று ஒதுக்கப்பட்டன. பாதிக்கப்பட்டோரைக் காக்க எழுதப்பட்ட சொற்கள் நிறுவனத்தைக் காக்கும் கேடயமாயின. வேலியே பயிரை மேய்ந்தது மட்டுமன்று. மேயப்பட்டது பயிரேயன்று என வேலி வாதிடவும் செய்தது.

நட்டஈட்டின் கதை இதனினும் வேதனை தருவது. 2023 இல் வெளிவந்த செய்திகளின்படி, 104 பெண்களுக்குத் தலைக்கு 250 டொலர் வழங்கப்பட்டது. அதனைப் பெறுவதற்கும் அவர்கள் தொழிற்பயிற்சி வகுப்புக்குச் செல்லல் வேண்டுமென நிபந்தனை விதிக்கப்பட்டது. உரிமையாகக் கொடுக்கவேண்டியதைத் தருமமாகக் கொடுக்கும் மனப்பாங்கு இங்கும் மாறவில்லை.

ஓசையின்றி வெளியேற்றிவிடுதல் மற்றொரு வழக்கம். 2010 நிலநடுக்கத்தின்பின் ஹெயிற்றியிற் பணியாற்றிய பிரித்தானிய ஒக்ஸ்பாம் உத்தியோகத்தர் சிலரின் பாலியல் ஒழுக்கக்கேடு 2011 இன் உள்விசாரணையிற் புலனாகியது. நால்வர் நீக்கப்பட்டனர், அந்நாட்டுப் பணிப்பாளர் உட்பட மூவர் தாமாகப் பதவி விலக இடமளிக்கப்பட்டது. 2018 இலேயே உலகம் முழு விபரத்தையும் அறிந்தது. அதற்கிடையில் அப்பணிப்பாளர் பங்களாதேஷில் வேறொரு தொண்டு நிறுவனத்திற் பதவி பெற்றிருந்தார். ஒரு நிறுவனத்தின் மௌனம் மற்றொரு நாட்டின் ஏழைகளுக்கு ஆபத்தாகின்றது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இவற்றை வெளியிட்டால் நன்கொடை குறையும், மருந்தின்றி நோயாளர் மடிவர் என்பர் சிலர். நன்கொடை குறையலாம், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால், வைத்தியப் பணியின் மூலதனம் நன்கொடை மட்டுமா? எபோலாவைக் கட்டுப்படுத்துவதற்கு, நோயாளர் தாம் யார் யாரோடு பழகினரென்பதை ஒளிக்காது கூறவேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும் தாய் நிலையத்தை நாடிவரவேண்டும். கொங்கோவில் அந்நம்பிக்கை ஏற்கெனவே நலிந்திருந்தது. 2019 பெப்ரவரியிற் சிகிச்சை நிலையங்களே தாக்கப்பட்டன. அத்தகைய மண்ணில் ஒருவன் பெண்ணொருத்தியை அவமதிப்பானாயின், அவன் வைத்தியத்தின் அடித்தளத்தையே தகர்க்கின்றான். எனவே ஒழுக்கம் வைத்தியப் பணிக்குப் புறம்பான அலங்காரமன்று. அப்பணியின் ஒரு கூறே அது.

உண்மையை வெளியிட்ட நிறுவனம் அழிந்துபோவதுமில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2018 பெப்ரவரியில் தன் கணக்கைத் தானே வெளியிட்டது: 2017 இற் கிடைத்த முறைப்பாடுகள் 146, துன்புறுத்தல் அல்லது துர்ப்பிரயோகமென விசாரணையிற் கண்டவை 40, அவற்றுட் பாலியல் சார்ந்தவை 24, அவற்றின் பொருட்டு நீக்கப்பட்டோர் 19 பேர். தன் இழுக்கை எண்ணிச் சொன்ன அந்நிறுவனம் இன்றும் இயங்குகின்றது. முறைப்பாடு எதுவுமே இல்லையெனப் பெருமை பேசும் நிறுவனத்தையே நாம் ஐயுறல் வேண்டும். அங்கு குற்றம் இல்லாதிருக்கலாம், அன்றி வாய்திறக்கும் துணிவு எவர்க்கும் இல்லாதிருக்கலாம்.

முறைப்பாட்டுப் பெட்டியொன்றைச் சுவரில் மாட்டிவிட்டு, எழுதுவார் இல்லையே என்பது பாதுகாப்பாகாது. நாளைய கூலிக்கு ஒருவனை நம்பியிருப்பவள் அவனுக்கெதிராக இன்று எவ்வாறு எழுதுவாள்? ஆதலாற் காக்கும் பொறுப்பு அதிகாரமுடையோர் மீதே சுமத்தப்படல் வேண்டும். வேலைக்கு ஆளெடுக்கும் அதிகாரம் ஒருவர் கையில் மட்டும் இருத்தலாகாது. விசாரணை நிறுவனத்துக்குப் புறத்தேயுள்ளோரால் நடத்தப்படல் வேண்டும். வாய்மொழியும் முறைப்பாடாகக் கொள்ளப்படல் வேண்டும். நீக்கப்பட்டவரின் நீக்கத்துக்கான காரணம் அடுத்து அவரை அமர்த்துவோருக்கு மறைக்கப்படலாகாது. ஆண்டறிக்கையில் வரவு செலவுடன் முறைப்பாட்டுக் கணக்கும் இடம்பெறல் வேண்டும்.

நமது பல்கலைக்கழகங்களிலிருந்து வைத்தியர்களாகவும் ஆய்வாளர்களாகவும் இத்தகைய நிறுவனங்களுக்குச் செல்லவிருப்போர் இதனை வாசிப்போருள்ளும் இருப்பர். நியமனக் கடிதத்தில் ஒப்பமிடுமுன் ஒரு வினாவை அவர்கள் எழுப்புவார்களாக: கடந்த ஆண்டு இங்கு எத்தனை முறைப்பாடுகள் கிடைத்தன, அவற்றுக்கு என்ன செய்தீர்கள்? விடை கூற மறுப்போரிடம் நோயாளரை ஒப்படைத்தலாகாது.