கிழவருக்கு வெயில் இல்லையா?

"அப்பா தூங்குவதே இல்லை, ஸார். மூன்று மணிக்கே எழுந்து பாத்திரத்தை உருட்டுகிறார்!" என்று பிள்ளைகள் முறையிடுகிறார்கள். அந்த அப்பாவைப் பகலெல்லாம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. திரை இழுத்துவிட்ட உள்ளறையில் வைத்திருந்தார்கள். இரவிலோ அவர் படுக்கை கூடத்தில். அங்கே பதினொரு மணிக்கு முன்னால் டெலிவிஷன் அணைவதில்லை.

இதற்குப் பரிகாரமாக அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் மெலடோனின் மாத்திரை கொண்டுவருகிறார்கள். தூக்கம் வருவதோடு முதுமையும் தள்ளிப்போகுமாம்! இந்தப் பேச்சைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

வஸ்து பொய்யல்ல. 1958-ல் ஏல் சர்வகலாசாலையில் ஆரன் லெர்னர் என்ற தோல் வைத்தியர் மாடுகளின் பீனியல் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியதென்னவோ தோல் வியாதிக்கு மருந்து! நமது மூளையிலும் அந்தச் சுரப்பி உண்டு. கண்ணில் வெளிச்சம் படும்வரை அது சும்மா இருக்கும். இருட்டியதும் சுரந்து, இரவு வந்ததை உடம்புக்குத் தெரிவிக்கும். வயதாக ஆக, பலருக்கு இது குறைவது வாஸ்தவமே. ஆனால் கண்ணின் வில்லையும் மஞ்சளித்து வெளிச்சத்தை மறிக்கிறதே! வாலிபனைவிடக் கிழவருக்குத்தான் பகல் வெளிச்சம் அதிகம் வேண்டும். நாம் கொடுப்பதோ குறைவு.

நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில், பெரும்பாலும் மறதி நோய் கண்ட 189 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது. பகல் முழுதும் பிரகாசமான விளக்கொளியில் இருந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. அறிவு மங்குவதும் சற்று மட்டுப்பட்டது. மெலடோனின் மட்டும் சாப்பிட்டவர்கள் சராசரியாக 27 நிமிஷம் அதிகம் தூங்கினார்கள். ஆனால் உற்சாகம் குன்றி, பிறரிடமிருந்து ஒதுங்கினார்கள். வெளிச்சத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது இந்தக் கெடுதல் தெரியவில்லை. 27 நிமிஷத் தூக்கத்துக்கு ஒரு மனுஷருடைய சிரிப்பா விலை?

அந்த மாத்திரையையாவது நம்பலாமா? 2017-ல் கனடாவில் 31 வகைகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் சீட்டில் போட்ட அளவு ஒன்று, உள்ளே இருந்தது வேறு.

வைத்தியர் பார்த்துக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெட்டியில் வந்ததைப் பிள்ளை கொடுப்பதுதான் அக்கிரமம். காலையில் ஒரு மணி நேரம் அவரை வெளிச்சத்தில் உட்கார வையுங்கள் என்றேன் ஒரு நண்பரிடம். பால்கனியில் வாஷிங் மெஷின் இருக்கிறதாம். நாற்காலி போட இடமில்லையாம். மொட்டை மாடி? அதன் சாவி காரியதரிசியிடம் இருக்கிறதாம்!