வீட்டில் இருந்து படித்தால் விடுமுறையா?

என் மருமகள் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியை. கல்லூரி ஆசிரியர்கள் அவ்வப்போது புத்தொளிப் பயிற்சி முடித்தால்தான் பதவி உயர்வு. இதற்காகவே 1987-ல் பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகளை யு.ஜி.சி. தொடங்கியது.

எங்கள் ஊருக்குக் காலாப்பட்டு பல்கலைக்கழகம் பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் புள்ளியியல் பயிற்சி எந்த ஊரில் நடக்கிறதோ, அங்கே போய் மூன்று வாரம் தங்கணும். கைக்குழந்தைக்காரி என்ன செய்வாள்? பயிற்சியும் தள்ளிப்போகும், பதவி உயர்வும் தள்ளிப்போகும்.

2018-ல் 'ஸ்வயம்' மூலம் வீட்டிலிருந்தே படிக்க வழி வந்தது. இப்போது பல்கலைக்கழக மையங்களும் இரண்டு வாரப் பயிற்சியை ஆன்லைனில் நடத்துகின்றன. கால்குலேட்டரில் திட்ட விலக்கம் போட்டுப் படித்தவர்கள், இன்று கம்ப்யூட்டரில் 'ஆர்', 'பைத்தான்' சொல்லித்தர வேண்டியிருப்பதால், இந்தப் பயிற்சி அவசியம்.

ஆனால் பல வீடுகளில், "வீட்லதானே இருக்கே, குக்கரை இறக்கு" என்கிறார்கள். காதில் ஹெட்போன், கையில் கரண்டி என்றால் பாடம் எப்படி மண்டையில் ஏறும்? இதுவே ஆண் பேராசிரியராக இருந்தால், "உஷ்... அப்பாவுக்கு கிளாஸ்" என்று கதவைச் சாத்துகிறோம்!

எங்கள் வீட்டில் அந்த இரண்டு வாரமும் சமையல் என் பொறுப்பு. பிள்ளைகள் மகன் பொறுப்பு. மற்ற மாமியார்களும் முயற்சி செய்யலாமே!

- ஒரு வாசகி, கோட்டக்குப்பம்.