காசு சேர்ந்தது, பிள்ளை போகவில்லை



இதை எழுதுவதா விடுவதா என்று ஆசிரியர் அறையில் இரண்டு கிழமையாகப் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் பிள்ளையின் உம்மாவிடமே கேட்டோம். "பேரப் போடாம எழுதுங்க டீச்சர், மத்தப் புள்ளைகளுக்காவது உதவட்டும்" என்றார். அதனால் பெயர் போடவில்லை. ஊருக்குத் தெரியும், வெளியாருக்குத் தெரிய வேண்டியதில்லை.

எமது பாடசாலையின் உயர்தர மாணவி ஒருவர், மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த பாடசாலை மாணவர்களுக்கான ஆங்கில விவாதப் போட்டிக்குத் தெரிவானார். யாரும் சிபாரிசு செய்து எடுத்த இடம் அல்ல. கொழும்பில் மூன்று சுற்றுத் தேர்வு நடந்தது. ஒவ்வொரு முறையும் இரவு பஸ் ஏறி, விடிய இறங்கி, முகம் கழுவிக்கொண்டு போய்ப் பேசினார். உம்மா கூடவே போனார். கொழும்பின் பெரிய பாடசாலைப் பிள்ளைகளுக்கு நடுவில், பத்தாம் தரம் வரை ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூச்சப்பட்ட தமிழ்மொழிமூலப் பிள்ளை நால்வரில் ஒருவராக வந்தார்.

காசுதான் தடையாக இருக்கும் என்று நினைத்தோம். 2022க்கு முன் 200 ரூபா அளவில் இருந்த டொலர் இன்று 300ஐச் சுற்றி நிற்கிறது. டிக்கட், கட்டணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது தலை சுற்றியது. ஆனால் அல்ஹம்துலில்லாஹ், பத்தே நாளில் சேர்ந்தது. பஸார்க் கடைக்காரர்கள் தந்தார்கள், கட்டாரில் இருக்கும் எமது பழைய மாணவர்கள் அனுப்பினார்கள். ஒரு மூத்தம்மா முட்டை விற்ற காசு என்று ஆயிரம் ரூபாவைக் கையில் வைத்தார். பத்தரமுல்லைக்குப் போய்க் கடவுச்சீட்டும் எடுத்தாயிற்று.

பிள்ளை போகவில்லை.

வாப்பா ஓட்டோ ஓட்டுகிறவர். தேத்தண்ணிக் கடையில் ஒருவர், "மகள வெளிநாட்டுக்கு அனுப்பப் போறீங்களாமே, கூட ஆரு போற?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த நாள் இன்னொருவர். மூன்றாம் நாள் தூரத்து மாமா ஒருவர் வீட்டுக்கே வந்து, நாளைக்கு அந்தப் பிள்ளையைக் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று பேசியிருக்கிறார். உம்மா போகலாம் என்றால் வீட்டில் கைக்குழந்தை. இரண்டு பேருக்கான காசும் இல்லை. வாப்பா பாடசாலைக்கு வந்து, அதிபரின் முகத்தைப் பார்க்காமல், "வேணாம் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரில் எமக்குக் கோபம் இல்லை.

எம்மில்தான் இருக்கிறது. பாடசாலையில் ஆசிரியைகள் பதினொரு பேர் இருக்கிறோம். உம்றா போய் வந்தவர்கள் நாலு பேர், கடவுச்சீட்டு இன்னும் செல்லுபடியாகும். "கூட ஆரு போற" என்ற கேள்வி ஊரில் சுற்றிய மூன்று நாளும் எங்களில் ஒருவர் எழுந்து "நாம் போகிறோம்" என்று சொல்லியிருந்தால் கதை வேறு. வாப்பாவே பிறகு சொன்னார்: "ஒரு டீச்சர் போறெண்டு சொல்லியிருந்தா நான் மறுத்திருக்க மாட்டேன்." ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. லீவு, பிள்ளைகள், மாமியார், பரீட்சைத் தாள். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பெண் பயணம் செய்வது பற்றிய மார்க்கச் சட்டம் பேச நாம் ஆலிம்கள் அல்ல. அதைக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் ஒழுங்கில் செய்திருக்கலாம். யாரும் போய்க் கேட்கவில்லை என்பதுதான் வேதனை. இன்னொன்றையும் மனம் திறந்து சொல்வோம். இதே ஊரிலிருந்து எத்தனை உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குத் தனியாகப் போனார்கள்? ஏஜென்சி வேன் வாசலுக்கு வந்தபோது தேத்தண்ணிக் கடையில் யாரும் "கூட ஆரு போற" என்று கேட்கவில்லை. அவர்கள் அனுப்பிய காசில் எழும்பிய வீடுகளில்தான் எங்களில் பலர் இருக்கிறோம். அடுப்படிக்குப் போனால் கேள்வி இல்லை, பல்கலைக்கழக மேடைக்குப் போனால் மட்டும் கேள்வி என்றால், அந்தக் கேள்வி மார்க்கத்திலிருந்துதான் வந்ததா என்று நாம் யோசிக்க வேண்டும்.

சிலர் இன்னொரு விதமாகக் கேட்கிறார்கள்: "பேச்சுப் போட்டிக்கு இவ்வளவு செலவா? அதால என்ன கெடைக்கும்?" நியாயமான கேள்வி. விவாதம் என்றதும் எமக்கு மீலாத் விழாப் பேச்சும் தொலைக்காட்சிப் பட்டிமன்றமும்தான் ஞாபகம் வருகிறது. இது அது அல்ல. பல்கலைக்கழக உலகப் போட்டி 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. அதில் ஒரு தலைப்புக்கு நாலு அணிகள், அணிக்கு இரண்டு பேர். தலைப்பு சொல்லப்படுவது பேச்சுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு முன்புதான். ஆளுக்கு ஏழு நிமிடம். பாடசாலைப் பிள்ளைகளின் உலகப் போட்டி 1988இல் தொடங்கியது, அதில் மூன்று பேர் கொண்ட அணிகள், எட்டு நிமிடப் பேச்சு. இடையில் எதிரணி எழுந்து கேள்வி போடும். எந்தப் பக்கம் பேசுவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்க முடியாது. தனக்குப் பிடிக்காத பக்கம் விழுந்தாலும் அதற்கு உயிர் கொடுத்துப் பேச வேண்டும்.

மனப்பாடம் செய்த பேச்சு அங்கே ஒரு நிமிடம்கூடத் தாங்காது. எமது பிள்ளைகளுக்குச் சரியாக அங்கேதான் இடறுகிறது. ஆங்கிலம் இரண்டாவது காரணம். உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பேசுகிறவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. வாப்பாவிடம், மௌலவியிடம், டீச்சரிடம் "அது ஏன்?" என்று கேட்டு வளராத பிள்ளைக்கு எந்தப் பிரிவும் உதவாது.

பயணம்தான் பெரிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறோம். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் நோர்ஃபோக் என்று ஒரு சிறை. கைதிகளுக்குள்ளே விவாதக் குழு வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து பல்கலைக்கழக அணிகள் வந்து அவர்களோடு மோதுவது வழக்கம். 1948இல் அங்கே மாற்றப்பட்ட இளைஞர் ஒருவர் சிறை நூலகத்தில் படித்து, அந்த மேடையில் பேசப் பழகினார். பின்னாளில் உலகம் அவரை மெல்கம் எக்ஸ் என்று அறிந்தது. அவர் வேறு சிறைக்குப் போன பிறகு, 1951இல், அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த ஒக்ஸ்போர்ட் மாணவர் அணி அதே சிறைக்கு வந்து விவாதித்துத் தோற்றுப்போனது. கடல் கடந்து வந்தவர்களைக் கேட்டுக்கு வெளியே கால் வைக்க முடியாதவர்கள் வென்றார்கள். மெல்கம் எக்ஸ் 1964 டிசம்பரில் அதே ஒக்ஸ்போர்டின் மாணவர் மன்ற மேடையில் ஏறிப் பேசினார். அவர் பேசப் பழகிய இடம் ஒக்ஸ்போர்ட் அல்ல.

கிட்டத்துக் கதையும் உண்டு. 2022இல் உலகப் பல்கலைக்கழக விவாதக் கிண்ணத்தை வென்றது டாக்காவின் பிரெக் பல்கலைக்கழகம். ஹார்வர்டும் ஒக்ஸ்போர்டும் சிட்னியும் தூக்கிப் பழகிய கிண்ணம் முதன்முதலாகத் தெற்காசியாவுக்கு வந்தது. அந்த முறை போட்டி இணையவழியில் நடந்தது, டிக்கட்டும் விசாவும் குறுக்கே நிற்கவில்லை. அடுத்த வருடம் மட்ரிட்டில் நேரடியாக நடந்தபோது வென்றது மணிலாவின் அதேனியோ. ஆகவே விமானம் ஏறவே தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. பங்களாதேஷில் பாடசாலை, பல்கலைக்கழகம் என்று விவாதக் கழகங்கள் வருடக்கணக்காக இயங்குகின்றன. தாய்மொழியிலும் விவாதிக்கிறார்கள். வெற்றி அங்கிருந்து புறப்பட்டது.

நாம் என்ன செய்கிறோம்? விமான நிலையத்தில் போட்டோ எடுக்கிறோம். "சர்வதேச இளைஞர் மாநாட்டுக்குத் தெரிவு" என்று சந்தியில் பேனர் கட்டுகிறோம். இது கொஞ்சம் கசப்பான விசயம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்த அழைப்புகளில் பல, விண்ணப்பித்துக் கட்டணம் கட்டிய எல்லோருக்கும் வருபவை. தேர்வும் இல்லை, போட்டியும் இல்லை. மூன்று நாள் ஹோட்டல், ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு பயணத்துக்கு எமது ஊரும் கை கொடுத்தது. போன தம்பி நல்ல பிள்ளை, அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இனி அழைப்புக் கடிதம் வந்தால் ஆசிரியர்களிடம் ஒரு தடவை காட்டுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை பேரை வென்று இந்த இடம் கிடைத்தது?

மத்ரஸாக்களுக்கும் ஒரு வார்த்தை. 2007இல் தொடங்கிய கட்டார் டிபேட் என்ற நிறுவனம் அரபு மொழியில் சர்வதேச விவாதப் போட்டிகள் நடத்துகிறது. அரபு தாய்மொழி அல்லாத மாணவர்களும் வந்து பேசுகிறார்கள். ஏழு வருடம் அரபு ஓதும் எமது பிள்ளைகளுக்கு இது தூரத்து வாசல் அல்ல. மறுத்துப் பேசுவது எமக்குப் புதிதும் அல்ல. இமாம் ஷாபிஈ, தம் ஆசான் இமாம் மாலிக்கோடு பல விடயங்களில் கருத்து வேறுபட்டவர். ஈராக்கில் இமாம் முஹம்மத் இப்னு ஹஸனிடம் கற்றுக்கொண்டே அவரோடு விவாதித்தவர். அந்த மத்ஹபைப் பின்பற்றும் ஊரில், பிள்ளை எதிர்க்கேள்வி கேட்டால் "வாய் காட்டாத" என்கிறோம்.

சரி, இப்போது என்ன? சேர்ந்த காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் அப்படியே இருக்கிறது. திருப்பிக் கேட்பவர்களுக்குத் திருப்பித் தருவோம், மனவருத்தம் இல்லை. விட்டு வைப்பவர்களின் பங்கில் சனிக்கிழமை விவாதம் தொடங்குகிறோம். அஸருக்குப் பின், பாடசாலை மண்டபத்தில், ஒரு கிழமை தமிழ், ஒரு கிழமை ஆங்கிலம். மாதம் ஒரு தடவை கல்முனைக்கோ மட்டக்களப்புக்கோ பஸ்ஸில் போய் வேறு பாடசாலைகளோடு மோத வேண்டும். தமிழ், சிங்களப் பிள்ளைகளோடும்தான். அடுத்த தெரிவு வரும்போது கூடப் போக இரண்டு ஆசிரியைகள் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறோம். அதை எழுதி அதிபரிடம் கையொப்பமும் வைத்தாயிற்று.

முதல் தலைப்பைப் பிள்ளைகளே போட்டார்கள்: "போட்டிகளுக்காகப் பெண் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பக் கூடாது." பக்கத்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். அந்த மாணவிக்கு விழுந்தது, அனுப்பக் கூடாது என்ற பக்கம். மாற்றித் தரவா என்று கேட்டோம். தலையை ஆட்டினார்.

"வேணாம் டீச்சர். ஆனா அவங்கட நியாயம் என்னெண்டு எனக்குச் சரியாத் தெரியா. வாப்பாட்ட கேட்டா, வாப்பாக்கும் சொல்லத் தெரியல்ல."

அதனால் அன்று பேசியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தைத்தான் அந்தப் பிள்ளை பேசப் போகிறது. வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு நூலகத்தில் இருப்பார், நாமும் இருப்போம். வந்து உங்கள் காரணங்களைச் சொல்லிக் கொடுங்கள்.