மயங்கி விழுந்தால் சோடா போதுமா?

மில்லர்புரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவர் திடீரென்று மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். கை கால் லேசாக வெட்டினால் போதும், இரும்புச் சாவியும் வந்துவிடும். இரண்டு நிமிஷத்தில் அவர் எழுந்து உட்கார்வார். "வெயில்தான்" என்று தீர்ப்புச் சொல்லிக் கூட்டம் கலையும்.

தூத்துக்குடி வெயிலுக்கும் உப்பளத்து உழைப்புக்கும் அது பெரும்பாலும் சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். உடம்பில் நீர் வற்றினாலும், நெடுநேரம் நின்றாலும் மயக்கம் வருவதுண்டு. ஆனால் காரணம் தெரியாமல் அடிக்கடி விழுகிறவர் விஷயம் வேறு. இருதயம் சில விநாடி துடிக்காமல் நின்றாலும் மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் சாய்ந்துவிடுவார். கை கால் வெட்டுவதும் உண்டு. அதைக் காக்காய் வலிப்பு என்று எண்ணி வருஷக் கணக்கில் வலிப்பு மாத்திரை விழுங்கியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் இருதயம் ஒழுங்காகிவிடுவதுதான் சிக்கல். இ.சி.ஜி.யில் ஒரு குறையும் தெரியாது. திருடன் போன பிறகு போலீஸ் வந்த கதைதான்! இருதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிய, 1940களில் அமெரிக்க விஞ்ஞானி ஹோல்டர் ஒரு கருவி செய்தார். முதுகில் சுமக்க வேண்டிய அதன் எடை சுமார் 38 கிலோ. அதைச் சுமந்தாலே மயக்கம் வந்துவிடும். இன்று அது சட்டைக்குள் அடங்குகிறது. ஆனால் வழக்கமாக ஒன்றிரண்டு நாள்தான் பதிகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை விழுகிறவருக்கு அதனால் என்ன பயன்?

இதற்காகத்தான் மார்புத் தோலுக்கு அடியில் வைக்கும் பதிவுக் கருவி வந்தது. சுண்டுவிரலைவிடச் சிறியது. மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிஷத்தில் வைத்துவிடலாம். சுமார் 3 வருஷம் காவல் இருக்கும். கனடா டாக்டர்கள் 60 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்து, 2001ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பரிசோதனையில் ஐந்தில் ஒருவருக்கே காரணம் தெரிந்தது. கருவி வைத்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. கருவி நோயைத் தீர்க்காது. சாட்சி மட்டுமே சொல்லும். துடிப்பு நின்றதாக அது சாட்சி சொன்னால், பேஸ்மேக்கர் பொருத்தி மயக்கத்தை வெகுவாகக் குறைக்கலாம்.

விழுந்தவருக்கெல்லாம் கருவி வேண்டியதில்லை, விலையும் அதிகம். நேரில் பார்த்தவரை டாக்டரிடம் அழைத்துப் போவதே முதல் பரிசோதனை. ஓடும்போது விழுந்தவர், படுத்திருக்கையில் நினைவிழந்தவர், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் கண்டவர் ஆகியோர் கருவிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றவர்களில், எல்லாப் பரிசோதனைக்குப் பிறகும் காரணம் புலப்படாமல் விழுந்துகொண்டே இருப்பவர் சிலரே. சங்கு குளிக்க இறங்குகிறவருக்கும் துறைமுகத்தில் கிரேன் ஏறுகிறவருக்கும் அடுத்த மயக்கம் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்குத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே இக்கருவி செலவின்றிக் கிடைக்க வேண்டும். மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்தால் அத்தனை நாள் கூலியும் போகும்.