சில்லொன்று குறைந்தது

சென்ற மாதம் நம் இளைய மகனின் பிறந்தநாளுக்கென யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில், துண்டு துண்டாகப் பொருத்திச் செய்யும் பாரந்தூக்கி ஒன்றை வாங்கினோம். எட்டு வயதுப் பிள்ளை. பெட்டியைத் திறந்தது முதல் ஊண் உறக்கம் மறந்தான். இரவு ஒன்பது மணியளவில், வேலை முற்றுப்பெறும் வேளை, ஆறு சில்லுகளில் ஒன்று இல்லை. பாயை உதறினோம்; கட்டிலின் கீழ் விளக்குப் பிடித்தோம்; கிடைத்தபாடில்லை. "நீதான் எங்கேயோ எறிந்திருப்பாய்" என்று அதட்டினோம். இருபது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தும், விசாரணைக்கு முன்னரே தீர்ப்பு வழங்கும் வழக்கம் நம்மை விட்டகலவில்லை. பிள்ளை மறுமொழி கூறாது, பாரந்தூக்கியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு உறங்கப் போனான்.

நம் பிள்ளைப் பருவத்தில் இத்தகைய வழக்குகள் எழுந்ததில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நாம் நுங்குக் கோம்பையில் வண்டில் செய்து உருட்டினோம். சில்லுக் கழன்றால் பனையடியில் வேறொன்று கிடந்தது. பெட்டியில் வரும் பொருளுக்கோ கடைக்காரரே பனைமரம்!

மறுநாள் மகனையும் பற்றுச்சீட்டையும் கொண்டு சென்றோம். முன்னொருமுறை வேறொரு கடையில், "விற்ற பொருள் மீளப்பெறப்படமாட்டாது" என்ற பலகையைச் சுட்டிக்காட்டித் திருப்பியனுப்பப்பட்டவர்கள் நாம். ஆகவே வாதத்திற்கு ஆயத்தமாகவே போனோம். இக்கடை முதலாளியோ நம்மைப் பாராது, "தம்பி, எந்தத் துண்டு காணேல்லை?" என்று பிள்ளையிடம் வினவினார். அதே வகைப் பெட்டி வேறொன்றைப் பிரித்து, ஒரு சில்லை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"அப்பெட்டியை வாங்கும் பிள்ளையின் கதி?" என்று நாம் கேட்டோம்.

"இது இனி விற்பனைக்கில்லை, மாஸ்டர். உதிரிப்பெட்டி" என்றவர், அதன்மேல் "ஒரு சில்லு குறைவு" என எழுதி மேற்தட்டில் வைத்தார்.

உலகின் பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனங்களும் இவ்வழியே நடந்துள்ளன. 1901 இல் லிவர்பூல் நகரத்து எழுதுவினைஞர் பிராங்க் ஹோர்ன்பி காப்புரிமை பெற்று, பின்னர் "மெக்கானோ" எனப் பெயர்பெற்ற பொறியமைப்புப் பொருளில், ஒவ்வொரு உறுப்புக்கும் இலக்கமிட்டுத் தனித்தனியே விற்றனர். டென்மார்க் நாட்டு "லெகோ" நிறுவனம், துண்டு குறைந்ததென அறிவிப்போருக்கு அதனை விலையின்றி அனுப்பும் வழக்கமுடையது. அங்கே பொதிகளை நிறுத்துப் பார்க்கின்றனர். மிகச் சிறிய துண்டின் பாரம் தராசுக்குத் தெளிவாகப் புலப்படாதாகையால், அத்தகைய துண்டுகளில் ஒன்றை மேலதிகமாகவே இட்டுவிடுகின்றனர். நம்மூர்க் கடைகளில் மலிந்துள்ள போலிகளின் பெட்டியிலோ செய்தவர் பெயருமில்லை, முகவரியுமில்லை. அங்கே குறைந்த துண்டை எவரிடம் கேட்பது? மலிவு விலையில் அதுவும் ஒரு பகுதி.

பலகையைக் காட்டும் வியாபாரிகளிடம் அகப்படுவோர் மனந்தளர வேண்டுவதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு வழங்குவது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுள் எழுத்தில் அனுப்பவேண்டும். வழி கேட்பதற்கு 1977 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. ஆனால் ஒரு சில்லுக்காக மூன்று மாதம் காத்திருக்க எட்டு வயதுக்கு இயலுமா என்பது வேறு விடயம். மகளிர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டியைக் கடையிலேயே திறந்து, பட்டியலோடு எண்ணிப் பார்க்கக் கூசாதீர்கள். மரக்கறிக்குக் கூசுவதில்லையே!

கதை இங்கு முடியவில்லை. பத்து நாள் கழித்து, வெறும் பெட்டியைக் குப்பைக்கென மடித்தபோது, அதன் அடிமடிப்பினுள் சிக்கியிருந்த சில்லு தரையில் உருண்டது. பிள்ளையைப் பழித்தோம், கடைக்காரர்மீதும் ஐயுற்றோம், இருவரும் குற்றமற்றவர்கள்.

மகன் அதனை எடுத்துக்கொண்டு தானே கடைக்கு வர விரும்பினான். முதலாளி சிரித்தபடி மேற்தட்டிலிருந்த பெட்டியை இறக்கி, சில்லை உள்ளே இட்டு, எழுதியதை வெட்டினார். எனினும் பெட்டியை மீண்டும் மேற்தட்டிலேயே வைத்தார். "இன்னொரு தம்பி வருவார்" என்றார்.

வீடு திரும்பும் வழியில் மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். "அம்மாவும் கேட்க வேண்டும், அவவுந்தான் பேசினவ" என்றான்.