மாதுளை வாங்கக் கடன் வாங்காதீங்க

ரத்தம் ஊறும்னு நம்பி கிலோ கணக்குல மாதுளை வாங்குறவங்களுக்குத்தான் இந்த த்ரெட். முக்கியமா, விடியுமுன்னே போடியில ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்கு மேலே போற அக்காமார்களுக்கு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

100 கிராம் மாதுளையில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூட வராது. பீட்ரூட்டும் ஒன்றைத் தாண்டாது. சிவப்பா இருந்தா ரத்தம்னு யார் சொன்னது? அதே 100 கிராம் காய்ந்த பச்சைப்பயறில் 4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கு. விலையையும் ஒப்பிட்டுப் பாருங்க.

இது சின்ன விஷயம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. மலைச்சரிவுல நாள் முழுக்கக் குனிஞ்சு வேலை பார்க்கிறவருக்கு மூச்சு வாங்கினா, "வயசாயிடுச்சு"ன்னு தள்ளிவிடுறோம். முப்பத்தஞ்சு ஒரு வயசா?

பயறு, கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு லேசில் உறிஞ்சாது. கூடவே வைட்டமின் சி வேணும். அதுக்குத்தான் கோடையில சாலட். உடனே ஐஸ்பெர்க் லெட்டூஸ், அவகாடோ, ஆலிவ் ஆயில்னு ரீல்ஸ் பார்க்கப் போயிடாதீங்க. லெட்டூஸ்ல பெரும்பகுதி தண்ணி. அது நம்ம வெள்ளரிக்காயிலும் இருக்கு, சல்லிசா.

ராத்திரி ஒரு கைப்பிடி பச்சைப்பயறு ஊறப்போடுங்க. காலையில அஞ்சு நிமிஷம் ஆவியில வையுங்க. வெயில் காலத்துல பச்சையா முளைகட்டினது எடுத்துட்டுப் போனா வயித்துக்கு ஆகாம போகலாம். வறுத்த நிலக்கடலை ஒரு பிடி. வெள்ளரி, மாங்காய், தக்காளி, எலுமிச்சையை வெட்டாம முழுசா கொண்டுபோங்க. சாப்பாட்டு நேரத்துல நறுக்கி, எலுமிச்சை பிழிஞ்சு, கொத்தமல்லி தூவி, உப்பு கொஞ்சமா. கொய்யா கிடைச்சா விடாதீங்க, 100 கிராமில் 200 மில்லிகிராம் வரை வைட்டமின் சி. கல்யாணப் பந்தியில வைக்கிற கோசுமல்லிக்கு அக்கா தங்கச்சிதான் இது, புதுசா ஒண்ணும் இல்ல.

"பச்சையா திங்க நாம என்ன ஆடா மாடா?"ன்னு வீட்டுப் பெரியவர் கேட்பார். மாங்காயில மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்னப்ப அவர் ஆடா மாடானு திருப்பிக் கேளுங்க. மரியாதையாத்தான்.

சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க. டீயில இருக்கும் டானின் இரும்பை உடம்புல சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்க. ரத்தசோகை ஏற்கெனவே இருந்தா சாலட் மட்டும் போதாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாருங்க, இரும்பு மாத்திரை இலவசம். மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமா இருந்தா அதையும் கூச்சப்படாம சொல்லுங்க.

இப்போ தோட்ட முதலாளிகளுக்கு. ஏலச்செடிக்கு எவ்வளவு மருந்து அடிக்கிறோம்னு உங்களுக்கே தெரியும். அதே இலையைத் தொட்ட கையோட அந்தப் பொண்ணு வெள்ளரிக்காய் நறுக்கணுமா? 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே குடிநீர் வசதி செஞ்சு தரணும்னு சொல்லிச்சு. நான் கேட்கிறது அதுக்கு மேல ரெண்டே பொருள்: கை கழுவ ஒரு டிரம் தண்ணி, ஒரு சோப்பு. கங்காணி கிட்ட சொல்லி நாளைக்கே வைக்கலாம்.